ஜூன் மாத நிழல்

என் தம்பி வில்பிரட் நன்றாகப் பேசுவான். தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று ஆரம்பித்தால் எங்கள் சபையில் தூங்குகிற கிழவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். அப்படிப்பட்டவன் கூடப்பிறந்த அக்காளின் வெயிலைத் திருடிவிட்டான் என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. வெயிலை எப்படித் திருட முடியும் சாராள் என்று சிரித்தார்கள். முடியும். அதற்குக் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா வாங்கிப் போட்ட மனையை அவர் காலத்திலேயே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். தெற்குப் பாதி மகனுக்கு, வடக்குப் பாதி மகளுக்கு. காற்று தெற்கிலிருந்துதான் வரும், ஆகவே அது ஆண்பிள்ளைக்கு. பெண்ணுக்குக் கொடுத்ததே பெரிது என்று சொந்தக்காரர்கள் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு தரைத்தள வீடு கட்டிக்கொண்டோம். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து.

காற்று போனால் போகட்டும், எனக்கு வெயில் இருந்தது. என் வீட்டுக்காரர் டேனியல் இறந்த பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த மொட்டை மாடிதான். காட்டன் சேலைகளுக்குக் கஞ்சி போட்டு, நீலம் போட்டு, காயவைத்து, இஸ்திரி செய்து கொடுப்பது என் தொழில். குரோம்பேட்டை, சேலையூர், தாம்பரம் பக்கத்து டீச்சர்கள், நர்ஸ்கள் எல்லாரும் என் கைக்குத்தான் கொடுப்பார்கள். கஞ்சி யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். நல்ல உச்சி வெயிலில் சட்டென்று காய்ந்தால்தான் சேலை மொடமொடவென்று நிற்கும். நிழலில் காய்ந்த கஞ்சிச் சேலை புளித்துவிடும். கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய்விடுவாள். என் மாடியில் வெயில் இல்லை என்றால் எனக்குத் தொழில் இல்லை. இது வில்பிரட்டுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி ஜென்சிக்கும் தெரியும்.

போன வருஷம் மே மாதம் அவன் ஒரு பிளானைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தான். வீட்டின்மேல் இன்னும் இரண்டு மாடி. வாடகைக்கு விடப்போகிறானாம். நான் பிளானைப் பார்க்கவே இல்லை. மாடி எழுப்பினால் என் வெயில் போய்விடும், வேண்டாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வராது. வகுப்பில் மக்குப் பையனைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். நீயே கண்ணால் பார்த்துவிட்டுச் சொல் அக்கா என்றான்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் சபையில் ஒரு வழக்கம். யார் வீடு கட்டினாலும், மாடி எழுப்பினாலும் ஆயர் வந்து ஜெபம் செய்த பிறகுதான் வேலை தொடங்கும். ஜெபத்துக்கு முன்னால் ஆயர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு நிறுத்தி, உங்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு சரி, பிறகு அதைப் பற்றி முணுமுணுக்கக்கூடக் கூடாது. ஒருமுறை ஒரு குடும்பம் வார்த்தை மாறியது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாதிச் சபை போகவில்லை. ஆகவே என் வாயிலிருந்து அந்த 'இல்லை' வராமல் வில்பிரட் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, அவன் சோதனை வைத்தான். சவுக்குக் கம்புகளை ஒன்றோடொன்று கட்டி, இரண்டு மாடியும் அதன்மேல் கைப்பிடிச் சுவரும் வந்தால் என்ன உயரமோ அந்த உயரத்துக்கு, அவன் மாடியில் என் பக்கச் சுவரை ஒட்டி நிறுத்தினான். உச்சியில் ஒரு பழைய பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துவைத்தான். குடத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அதுவரைக்கும்தான் சுவரின் நிழல் விழும், நாள் முழுக்க உட்கார்ந்து பார் என்றான்.

நானும் உட்கார்ந்தேன். குடை பிடித்துக்கொண்டு, மோர் குடித்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தக் குடத்தின் நிழலைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். எனக்கு உதவிக்கு வரும் எல்லம்மாவும் கூட இருந்தாள். காலையில் நிழல் அவன் வாசலைத் தாண்டி மேற்கே கிடந்தது. மெல்ல மெல்ல உள்ளே வந்தது. உச்சி வேளையில் அவன் மாடிமேலேயே, கம்பின் காலடிக்குக் கொஞ்சம் தெற்கே சுருண்டு படுத்தது. பிறகு கிழக்கே நீண்டது. ஒரு நொடிகூட என் பக்கம் திரும்பவில்லை. நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்கலியேக்கா, இதுக்காப் பயந்துகினு இருந்தோம் என்றாள் எல்லம்மா.

அடுத்த ஞாயிறு ஞானஜோதி ஆயர் வந்தார். மனத்தாங்கல் உண்டா சாராளம்மா என்றார். இல்லை ஐயா என்றேன். வில்பிரட் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினான். ஜென்சி கேசரி கொடுத்தாள்.

வேலை மளமளவென்று நடந்தது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மேல்தளக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மழை வந்தால் எனக்கு எப்படியும் தொழில் மந்தம்தான். வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேனைப் போட்டு, வந்ததை ஒப்பேற்றினேன். வானம் மூடிக் கிடந்ததால் யார் சுவர் எங்கே நிழல் போடுகிறது என்று பார்க்க வழியில்லை.

டிசம்பர் பிறந்ததும் வானம் வெளுத்தது. எனக்கு வருஷத்திலேயே பெரிய வேலை அந்த மாதம்தான். எங்கள் பாடகர் குழுப் பெண்கள் எல்லாரும் கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஒரே மாதிரி வெள்ளைக் காட்டன் சேலை கட்டுவார்கள். அத்தனைக்கும் கஞ்சி நான்தான். பாடகர் குழுத் தலைவி தபீதாள் டீச்சர் எல்லாச் சேலைகளையும் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார். ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, முதல் ஈடு சேலைகளை நனைத்து, பக்கெட்டோடு மாடி ஏறினோம். எல்லம்மா முதலில் ஏறியவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா இது, தெருவெல்லாம் வெயில் கீது, நம்ம மாடில மட்டும் காணோம்?"

மாடி முழுக்க நிழல். தெற்கே வில்பிரட்டின் புதுச் சுவர் நின்றது. அதற்குப் பின்னால் சூரியன். ஜூன் மாதத்தில் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளிப் போன அதே சூரியன், இப்போது தெற்கே இறங்கிப்போய், அவன் கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலேயே பதுங்கிக்கொண்டு கிழக்கிலிருந்து மேற்குக்கு நடந்தது. காலையில் கிழக்கு ஓரத்தில் ஒரு சேலை அகலத்துக்கு வெயில், சாயங்காலம் மேற்கு ஓரத்தில் அதே அளவு. நடுவே நாள் பூராவும் என் மாடி குகைதான். பதினைந்து கோடி கிலோமீட்டர் யாரும் தடுக்காமல் வந்த வெயில், என் வீட்டுக்கு ஒரு சந்து முன்னால் என் தம்பியின் சுவரில் முட்டி நின்றுவிட்டது.

ரோட்டோரத்தில் கொடி கட்டலாம் என்றால் வேளச்சேரி ரோட்டுத் தூசி வெள்ளைச் சேலையைக் காவியாக்கிவிடும். பின்தெரு அப்பார்ட்மென்டில் மாடி கேட்டேன். கஞ்சித் தண்ணீர் சொட்டினால் எறும்பு வரும் என்று செக்ரட்டரி கதவைத் திறக்காமலே சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் வில்பிரட் பள்ளியிலிருந்து வந்ததும், சந்தில் நின்று கூப்பிட்டேன். அவன் மேலே புது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். இறங்கி வரவில்லை. நான் கழுத்தை ஒடித்து அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. ஜூன் மாதம் காட்டினாயே ஒரு நிழல், அது எங்கே போயிற்று என்று கேட்டேன்.

"சூரியன் எந்த மாசம் எங்க நிக்கும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நான் என்ன பஞ்சாங்கமா? அன்னிக்கு ரெண்டு பேரும்தானே பாத்தோம்."

நான் படித்தது பி.காம். சூரியன் கிழக்கே உதிக்கும், மேற்கே மறையும், அதுதான் எனக்குத் தெரிந்த வானவியல். அவனும் பார்த்துத்தான் ஏமாந்தானோ என்று அந்த நேரத்தில் அரைமனதாக நம்பக்கூடச் செய்தேன். அதற்குமேல் அவன் ஒன்று சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, இந்தப் பிரபஞ்சத்துல பூமியே ஒரு தூசி. அதுல இந்தியா எங்க, ராஜகீழ்ப்பாக்கம் எங்க, உன் மொட்டை மாடி எங்க? இதுக்குப் போய் சண்டை போட்டுக்கிட்டு. கொஞ்சம் பெரிசா யோசி."

பெரிதாக யோசித்துக்கொண்டே முதல் ஈடு சேலைகளை வீட்டுக்குள் ஃபேன் காற்றில் காயவைத்தேன். இரண்டு நாளில் வாடை வந்துவிட்டது. திரும்ப அலசி, திரும்பக் கஞ்சி போட்டு, கிழக்கு ஓரத்துக் கொஞ்ச வெயிலில் மாற்றி மாற்றிப் போட்டோம். மடிப்பில் மஞ்சள் படிந்தது. தபீதாள் டீச்சர் ஒரு சேலையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். சாராள், இது புளித்த மாவு மாதிரி அடிக்குதே என்றார். நான் சுவரைக் காட்டினேன். பக்கத்திலேயே ஜென்சி நின்றாள், அவளும் பாடகர் குழுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று, எனக்குக் கேட்கும்படி இன்னொருத்தியிடம் சொன்னாள். நாலைந்து பேர் அன்றைக்கே சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு குரோம்பேட்டையில் மெஷின் லாண்டரிக்குப் போனார்கள். என் வாசலிலிருந்து என் கண்ணெதிரே ஆட்டோ பிடித்துப் போனார்கள்.

நான் ஆயரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், ஆனால் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர். நீங்கள் வாய்விட்டுச் சொன்னீர்களே அம்மா, நானும் ஜெபித்தேனே, இப்போது வானம் மாறிவிட்டது என்றால் அவர்மேல் எப்படிக் குற்றம் சொல்வது என்றார். எனக்கு வில்பிரட்மேல் வந்த கோபத்தில் பாதி சூரியன்மேலும் வந்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும் சபை மண்டபத்தில் வாலிபர் கூட்டத்துக்கு வில்பிரட் ஒரு பேச்சு கொடுப்பான். பெத்லகேம் நட்சத்திரத்தில் தொடங்கி அண்டசராசரத்தில் போய் முடியும். நான் ஒரு வருஷமும் போனதில்லை. ஞாயிறு சாயங்காலம் யார் போய் உட்காருவது, திங்கள் காலை டீச்சர்களுக்குச் சேலை கொடுக்க வேண்டுமே. இந்த முறை கொடுக்கச் சேலை இல்லை, போனேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். உள்ளே எரிந்தாலும் வெளியே மரியாதை இருக்க வேண்டுமே.

மேஜை நடுவில் ஒரு பல்பு. அதுதான் சூரியன். கையில் ஒரு பூமி உருண்டை. விளக்கை அணைத்துவிட்டுப் பல்பை மட்டும் எரியவிட்டான். பூமி செங்குத்தாக நிற்கவில்லை, சாய்ந்த மேனிக்குத்தான் சூரியனைச் சுற்றுகிறது, அந்தச் சாய்வு மாறவே மாறாது என்றான். உருண்டையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் சொன்னான். எனக்கே புரிந்தது. ஒரு பக்கம் நிற்கும்போது உருண்டையின் தலை பல்பைப் பார்த்துக் குனிந்தது. எதிர்ப்பக்கம் போனதும் அதே தலை பல்பை விட்டு விலகி நின்றது.

"இந்தச் சாய்வினால நமக்கு ஒரு ஸ்பெஷல் இருக்கு. டெல்லிக்காரனுக்கு இந்த பாக்கியம் கிடையாது" என்றான்.

உருண்டையைத் திருப்பி எங்களிடம் காட்டினான். அதில் சென்னை இருக்கிற இடத்தில் ஒரு பல் குத்தும் குச்சி நட்டுக்கொண்டு நின்றது. எம்சீல் வைத்து ஒட்டியிருந்தான். அந்த எம்சீல் அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது.

டெல்லியில் மத்தியான நிழல் வருஷம் முழுக்க வடக்கேதான் விழுமாம். நமக்கு மட்டும் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள், ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போய்விடுமாம். இந்த இரண்டு நாளுக்கும் நடுவே சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடும், அப்போது நம் நிழல் தெற்கே விழும் என்றான். ஜூன் மாதப் பக்கம் நின்று காட்டினான். குச்சியின் நிழல் இலங்கையைப் பார்த்துக் கொஞ்சமாகச் சாய்ந்திருந்தது. மேஜையைச் சுற்றி வந்து டிசம்பர் பக்கம் நின்றான். குச்சியின் நிழல் வடக்கே, ஆந்திராவைத் தாண்டி நீளமாகப் படுத்துவிட்டது. பையன்கள் கைதட்டினார்கள்.

அந்தக் குச்சிதான் சவுக்குக் கம்பு. அந்த உருண்டையில்தான் என் மாடி இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் தம்பி தன் குச்சியால் கெட்டான்.

அவனுக்கு அது உறைக்கவே இல்லை. பேச்சு ருசியில் போய்க்கொண்டே இருந்தான். சூரியனுக்குள் பதின்மூன்று லட்சம் பூமிகளைப் போடலாம் என்றான். அந்தச் சூரியன் மாதிரி பத்தாயிரம் கோடிக்கு மேல் நட்சத்திரங்கள் நம் பால்வீதியில் மட்டும், அந்த மாதிரிப் பால்வீதிகளுக்குக் கணக்கே இல்லை என்றான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, இவ்வளவு பெரிய படைப்பில் நாம் ஒரு தூசிக்கும் தூசி, அப்படியிருந்தும் ஒரு சாண் இடத்துக்கும் ஒரு கை வெயிலுக்கும் அடித்துக்கொள்கிறோம் என்றான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் பார்த்ததால் மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு முன்வரிசையில் ஜென்சி குனிந்து சிரித்தாள்.

ஆயர் எழுந்து, யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். நான் எழுந்தேன்.

"வில்பிரட், அந்தக் குச்சி எப்ப ஒட்டினது?"

அவன் உருண்டையைப் பார்த்தான். அப்போதுதான் அவன் முகம் மாறியது. அது ரொம்ப நாளாக இருக்கிறது அக்கா, பேச்சுக்குச் சம்பந்தமாக ஏதாவது கேள் என்றான். வாலிபர் சங்கச் செயலாளர் ஆரோன், கல்யாணமாகிக் குழந்தை பெற்றவன், மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு விஷயம் தெரியாது. நான் ஓய்வுநாள் பள்ளியில் படிக்கும்போதே சார் இந்தக் குச்சியை வைத்துத்தான் காட்டுவார் ஆன்ட்டி என்று பெருமையாகச் சொன்னான்.

"அப்போ ஜூன் மாசம் என் சுவரோரம் சவுக்குக் கம்பு நட்டியே, நிழல் எந்தப் பக்கம் விழும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

வில்பிரட் ஆயரைப் பார்த்தான், பையன்களைப் பார்த்தான். நான் விடவில்லை. அன்றைக்கு மாடியிலிருந்து, நான் என்ன பஞ்சாங்கமா என்று கேட்டாய், தெரியாது என்றால் அதையே இவர்கள் முன்னால் சொல்லு, நான் உட்கார்ந்துவிடுகிறேன் என்றேன்.

அவன் தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். நான் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் எதிரே அவனிடம் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் வில்பிரட் சாருக்கு ஒன்று தெரியாது என்று ஆகிவிடக்கூடாது. அவன் எப்போதுமே அப்படித்தான், சின்ன வயதில் கேரம் போர்டில் தோற்றாலும் காயைக் கலைத்துவிடுவான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"தெரியாம எப்படி இருக்கும்? நான் பிசிக்ஸ் வாத்தியார்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கூடப்பிறந்தவளை ஏமாற்றியவன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு குச்சியின் நிழல் தெரியாதவன் என்று பெயர் வாங்க மாட்டான். அதைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்சப் பாசமும் கழன்று விழுந்தது.

ஞானஜோதி ஆயர் ஆரோனிடமிருந்து மைக்கை வாங்கினார். பிறகு, அப்படியானால் சாராளம்மா அன்றைக்குச் சொன்ன வார்த்தை செல்லாது என்றார். தெரிந்தே மறைத்து வாங்கிய வார்த்தைக்காக நான் ஜெபித்திருக்கிறேன், அதற்கு நான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். வில்பிரட் தலை குனிந்தான். கட்டின மாடியை இடிக்கச் சொல்ல முடியாது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே கேளுங்கள் அம்மா என்றார் ஆயர்.

"நாம எல்லாம் தூசின்னு தம்பி சொன்னான். தூசிக்கு எதுக்கு ரெண்டாவது மாடிக்கு மேல மொட்டை மாடி? அதோட சாவியை என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. என் வெயில் இப்ப அங்கதான் இருக்கு."

வில்பிரட் அசையவில்லை. ஜென்சிதான் எழுந்தாள். கைப்பையைத் திறந்து, சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தாள். வைத்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. கிட்டத்தட்ட எறிந்தாள். என் கிறிஸ்மஸ் சேலையாவது நாற்றமில்லாமல் வரட்டும் என்றாள்.

மறுநாள் காலை நானும் எல்லம்மாவும் பக்கெட்டோடு அவர்கள் வீட்டு வெளிப்படியில் ஏறினோம். மேலே போனதும் வெயில் கண்ணைக் குத்தியது. அப்படி ஒரு வெயில். கொடி கட்டிச் சேலைகளை விரித்தோம், மத்தியானத்துக்குள் அட்டை மாதிரி விறைத்து நின்றன. அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் விமானம் இறங்குவது தெரியும், இன்னொரு பக்கம் ஏரி தெரியும். கீழே என் மாடி நிழலுக்குள் கைக்குட்டை அளவில் கிடந்தது. அண்ணாந்து பேசுகிற நான் எவ்வளவு சின்னதாகத் தெரிந்திருப்பேன் என்று அப்போதுதான் புரிந்தது. மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பதெல்லாம் தூசிதான். அவன் தன்னைத் தூசி என்று ஒருநாளும் நினைத்ததில்லை, என்னைத்தான் சொல்லியிருக்கிறான்.

பாடகர் குழு கிறிஸ்மஸுக்கு மொடமொடவென்று நின்று பாடியது. லாண்டரிக்குப் போனவர்கள் பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் சமாதானம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் மேலே தொட்டியை நிரம்பி வழியவிட்டுத் தரையை ஈரமாக்கினான். நான் கொடியை உயர்த்திக் கட்டினேன். அவன் படிக்கட்டில் பூந்தொட்டிகளை அடுக்கினான். நாங்கள் அவற்றைச் சுற்றி ஏறினோம், எங்கள் பக்கெட்டிலிருந்து கஞ்சித் தண்ணீர் அவன் கிரானைட் படியெல்லாம் சொட்டியது. எறும்பு வந்தது. ஜென்சி துடைத்தாள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. ஆராதனையில் அவன் ஆண்கள் பக்கம் முன்னால், நான் பெண்கள் பக்கம் பின்னால். ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானத்தின் வாழ்த்துதல் சொல்லும் நேரத்தில் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், அவன் சொன்னது சரிதானா என்று என் மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தேன். நிழலே இல்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. மே மாதத்தில் சூரியன் வடக்கே போயிற்று, சுவரின் நிழல் அவன் பக்கமே சுருண்டது. ஜூன் வந்தபோது என் மாடி முழுக்கப் பழைய வெயில்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நான் சேலை மாற்றக்கூட இல்லை, கேட்டுக்கு வெளியே வில்பிரட் நின்றான். டிசம்பருக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினான். தன் மொட்டை மாடியில் ஒரு ரூம் போட்டு அதையும் வாடகைக்கு விடப்போகிறானாம். உன் மாடிக்குத்தான் வெயில் வந்துவிட்டதே அக்கா, இனிமேல் உனக்குச் சாவி எதற்கு என்றான். குரல் பழையபடி நயமாக இருந்தது. போன வருஷம் இதே ஜூனில் கேட்ட குரல். என் மாடியையும் அதன்மேல் கொட்டுகிற வெயிலையும் கையால் வேறு காட்டினான்.

நான் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"வில்பிரட், பூமி இன்னும் சுத்துதா?"

நான் காத்திருந்தேன். தெருவில் பால்காரர் போனார், பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெரியாது என்று அவனால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும்.

"சுத்துது" என்றான்.

"அப்போ டிசம்பர் வரும்" என்றேன். கேட்டைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கஞ்சி காய்ச்சப் போனேன்.